பழைய டேஷ்போர்டு, நியாய விலை

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலின் பாதிப் பிழைப்பு பெங்களூரு ரயிலில்தான் ஓடுகிறது. கார் சாமானுக்கும் அதே ரயில்தான். 2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-இல் ஏசி வென்ட் உடைந்தால், முதலில் ஊருக்குள்ளேயே ராபர்ட்சன்பேட்டையில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரு கண்டோன்மென்டில் இறங்கி, சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளுக்குப் போங்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகக் கடைக்காரர் முழு செட்டையும் தலையில் கட்டுவது பகல் கொள்ளை.

உடைந்ததைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போவது நல்லது. பின்பக்கக் கொக்கிகளை விரலால் தடவிப் பாருங்கள். வெயிலில் வெளுத்திருந்தால் பரவாயில்லை, கொக்கி போயிருந்தால் பேரமே வேண்டாம். பழைய ஸ்பீடோமீட்டர் கதை வேறு: அது இன்னொருவர் ஓட்டிய கிலோமீட்டரைக் காட்டும். மாற்றிய தேதியையும் இரண்டு மீட்டர் கணக்கையும் பில்லில் எழுதி வாங்காவிட்டால், நாளை வண்டியை விற்கும்போது மோசடிக்காரர் நீங்கள்தான். (வாங்குகிறவர் சும்மா விடுவாரா?) ஏர்பேக்கை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. பில் தராத கடையில் எதையும் வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியின் சாமானாகவும் இருக்கலாம்.