வயிற்றுப் பிள்ளையும் வாரக் கணக்கும்

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டா? உண்டு என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு. ஆனால், அந்தப் பிள்ளை உயிரோடு பிறக்க வேண்டும்.

உயிர் எப்போது தொடங்குகிறது? கரு உருவான நொடியிலேயே என்பார்கள் சிலர். இதயம் துடிக்கும்போது என்பார்கள் சிலர். வெளியே வந்து மூச்சு விட்டால்தான் என்பவர்களும் உண்டு. நம் கருக்கலைப்புச் சட்டம் இந்தச் சண்டைக்குள் போகாமல், வாரக் கணக்கு மட்டும் போடுகிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள் போன்றோருக்கு, இரண்டு மருத்துவர்கள் சம்மதித்தால் 24 வாரம் வரை அனுமதி. அதற்குமேல் என்றால், தாயின் உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும் அல்லது சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தையே திணறவைத்தது. இரண்டு குழந்தைகளுக்குத் தாய், வயது 27. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவந்ததால் மாதவிலக்கு வரவில்லை; மூன்றாவது கரு தங்கியதே தெரியவில்லை. தெரிந்து நீதிமன்றம் வந்தபோது 24 வாரம் தாண்டிவிட்டது.

9-ம் தேதி இரண்டு பெண் நீதிபதிகள் கலைக்க அனுமதித்தார்கள். சிசு பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்று எய்ம்ஸ் மருத்துவர் எழுதியதும், அதே இருவரும் 11-ம் தேதி ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் மனம் இடம் தரவில்லை என்றார். தாயின் முடிவே முக்கியம் என்றார் மற்றவர். 16-ம் தேதி மூன்று நீதிபதிகள் அனுமதி மறுத்தனர். பிரசவச் செலவை அரசு ஏற்கும், குழந்தையைத் தத்துக் கொடுப்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம் என்றனர்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். பிறக்கும் முன்பே அந்த வேறுபாடு வழக்காகிவிட்டது. இருவரில் யாருக்காகப் பேசினாலும் இன்னொருவருக்கு வலிக்கும்.

24 வாரத்துக்கு அப்பால் நீதிபதிகளுக்கே ஒத்த கருத்து இல்லை. அதற்கு முன்னால் நாம் செய்யக்கூடியது நிறைய. பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். தங்கலாம். சந்தேகம் வந்தால் உடனே பரிசோதனை செய்யுங்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும்; கணவர் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. விவரத்தை ரகசியமாக வைப்பதும் மருத்துவரின் கடமை.

இதை உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிவையுங்கள். பயத்திலும் தயக்கத்திலும்தான் பாதி வாரங்கள் ஓடிவிடுகின்றன.