பழைய விதிநூலா, புதிய விதிநூலா?

எங்கள் விடுதியின் பதினோராம் எண் அறையில் ஞாயிறுதோறும் பிற்பகலில் ஒரு போர் நடக்கிறது. வாள் உண்டு, மந்திரம் உண்டு, இடிந்த கோட்டையும் அதனடியில் சுரங்கமும் உண்டு. இவையனைத்தும் ஐந்து பேருடைய வாய்ச்சொல்லிலும், ஒரு பென்சிலிலும், ஆறேழு பகடைகளிலும் அடக்கம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது ஆட்டத்தின் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் படைத்து 1974-இல் வெளியானது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்ய முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்க்கும். வென்றவர், தோற்றவர் என்று இதில் இல்லை. வாசக நண்பர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் ஆதலால் இவ்வளவு முன்னுரை.

வழக்கு இனிமேல்தான் வருகிறது.

நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதைத் திருத்தி, 2024 செப்டம்பரில் ஆட்டக்காரர் கையேட்டையும், நவம்பரில் கதை நடத்துபவருக்கான நூலையும், 2025 பிப்ரவரியில் அரக்கர்களின் நூலையும் புதிதாக வெளியிட்டார்கள். அமெரிக்க விலையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 டாலர். மூன்றும் சேர்ந்தால் நம் பணத்தில் 12,000 ரூபாயைத் தாண்டும். எங்களிடம் இருப்பதோ பழைய கையேடு ஒன்றே ஒன்று. ஆளுக்கு 300 ரூபாய் போட்டு, ஒருவர் படித்து முடித்த பிரதியை வாங்கினோம். அட்டை கழன்று, மந்திரங்கள் உள்ள பக்கங்களில் சாம்பார்க் கறை படிந்து, எங்கள் ஐவருக்கும் பொதுச் சொத்தாக விளங்குகிறது.

போர்வீரனாக ஆடும் நண்பன்தான் முதலில் கொடி தூக்கினான். அவன் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. பழைய விதியில் மந்திரவாதி நெருப்பைப் பொழிகிறான், பறக்கிறான், மறைகிறான். போர்வீரனோ, "வெட்டுகிறேன்" என்கிறான். அடுத்த முறையும் "வெட்டுகிறேன்" என்கிறான். புதிய நூல் ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு தனித்திறனைத் தந்திருக்கிறது. கோடரியால் எதிரியைக் கீழே வீழ்த்தலாம். பெருவாள் வீச்சுக் குறி தவறினாலும் சிறு காயமாவது படும். காயம் ஆற்றும் மந்திரத்துக்கு முன்பு எட்டு முகப் பகடை ஒன்றுதான், இப்போது இரண்டு. களைப்புக்குப் பழைய நூலில் ஆறு படிகள் கொண்ட ஓர் அட்டவணை உண்டு. எந்தப் படியில் என்ன குறையும் என்பது ஒருமுறைகூட எங்கள் நினைவில் நின்றதில்லை. புதிய நூலில் படி ஒன்றுக்குப் பகடை எண்ணில் இரண்டு குறையும், நடையும் சற்றுத் தளரும். ஆறாம் படியில் மரணம். இவை திருத்தங்கள்தாம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். பத்தாண்டு ஆடிப் பார்த்தவர்களின் குறைகளைக் கேட்டுத் திருத்தியது தெரிகிறது.

எதிர்க்கட்சியில் இருந்தவன் அரை-எல்ஃப் பாத்திரம் ஆடுபவன். தாய் மனித இனம், தந்தை எல்ஃப். இரண்டு ஊரிலும் அந்நியன். ஓராண்டாக அவன் அந்தப் பாத்திரத்தை வளர்த்த அழகை நேரில் பார்த்தவர்களே அறிவார்கள். புதிய கையேட்டின் பத்து இனங்களில் அரை-எல்ஃப் இல்லை. பழைய நூல்களின் இனங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்நூலே அனுமதி தருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அப்படிச் சேர்ப்பதற்கும் பழைய நூல் கையில் இருக்க வேண்டுமே!

அவன் எதிர்த்ததற்குக் காரணம் அதுவன்று என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சனிக்கிழமை இரவுகளில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போய்த் தன் மெஸ் கட்டணத்தைக் கட்டுகிறவன் அவன். வாக்குவாதம் முற்றியபோது, "நீங்க வாங்கிக்கங்கடா, நான் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான். அறையில் எவரும் பேசவில்லை. கதை நடத்தும் முதுகலை அண்ணன் பகடைகளைப் பையில் போட்டுக் கட்டிவிட்டார். அந்த ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் நடக்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் நான் சற்றுப் படித்துப் பார்த்தேன். இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததன்று. மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தது; மூன்றே ஆண்டில், 2003-இல், 'மூன்றரை' என்று திருத்திய பதிப்பை இறக்கினார்கள். முன்னதில் விரைவு மந்திரம் போட்ட மந்திரவாதி ஒரே சுற்றில் இரண்டு மந்திரங்களை ஏவலாம்; 'மூன்றரை' அந்தச் சலுகையைப் பறித்தது. நியாயமான திருத்தம்தான். எனினும் நூல் வாங்கி மூன்றாண்டு கூட ஆகாதவனுடைய வயிற்றெரிச்சலை எண்ணிப் பாருங்கள்! 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது பலர் நகரவே மறுத்தார்கள். அவர்களை நம்பி வேறொரு நிறுவனம் 2009-இல் அந்த மூன்றரை விதிகளையே செப்பனிட்டு 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. அது ஆண்டுக்கணக்கில் செழித்தது. புதியது அச்சாகிவிட்டதால் பழையது செத்துவிடுவதில்லை. பாடநூலில் திருத்தம் வந்தால் தேர்வு எழுதுகிறவன் வாங்கித்தான் தீரவேண்டும். இங்கே தேர்வும் இல்லை, திருத்துபவரும் இல்லை. மேசையைச் சுற்றி இருக்கும் ஐவர் ஏற்றுக்கொண்டதே விதி.

ஆதலின் என் கருத்து இது: நடந்துகொண்டிருக்கும் கதையின் நடுவில் நூலை மாற்றக் கூடாது. புதிதாகக் கூடி ஆடத் தொடங்கும் முதலாண்டு மாணவர்கள் புதியதையே வாங்கட்டும். படிக்கவும் தேடவும் அது எளிது. பாதி வழியில் நிற்பவர்கள், தங்களை உறுத்தும் திருத்தங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அதற்குப் பணமும் வேண்டாம். விதிகளின் மீதான உரிமத்தை இறுக்க முயன்று, ஆட்டக்காரர்களின் எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கிய நிறுவனம், 2023 ஜனவரியில் பழைய அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுக்கொடுத்தது. புதிய அடிப்படை விதிகளையும் 2025 ஏப்ரலில் அவ்வாறே வெளியிட்டிருக்கிறது. முந்நூறு பக்கங்களுக்கு மேல், காசில்லாமல் கிடைக்கிறது. ஆயுதத் திறன்களும் காயம் ஆற்றும் மந்திரமும் களைப்பு விதியும் அதிலேயே இருக்கின்றன. நூலில் உள்ள எல்லாமும் அதில் இல்லைதான். எங்களுக்கு எல்லாமும் வேண்டியிருக்கவுமில்லை.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதுக்கா ரெண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒன்பது பக்கங்களை நகல் எடுத்துக் கையேட்டின் பின்னட்டையில் செருகினோம். மூன்றாம் ஞாயிறு, பாலத்தின் மேல் வழிமறித்த பூதத்தைப் போர்வீரன் கோடரியால் வீழ்த்த, அது எழுவதற்குள் அரை-எல்ஃப் அதன் இடுப்பிலிருந்த சாவியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். நகல் எடுத்த வகையில் அண்ணனுக்கு நான் இன்னும் பதினெட்டு ரூபாய் தரவேண்டியிருக்கிறது.