‘மாயா’ ஸ்லோவா, பார்ப்பவர்களுக்கு அவசரமா?

2015 செப்டம்பர் 17, விநாயகர் சதுர்த்தி. அன்று ரிலீசான படங்களில் ஒன்று ‘த்ரிஷா இல்லனா நயன்தாரா’. அதில் தலைப்பில் மட்டும் நயன்தாரா. இன்னொன்று ‘மாயா’. அதில் படத்திலேயே நயன்தாரா. முதல் படத்துக்குப் போனவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று முன்னாடியே தெரியும். இரண்டாவதுக்குப் போனவர்கள்தான் பாவம். அதே வருஷம் ஏப்ரலில் வந்த ‘காஞ்சனா 2’ ஞாபகத்தில், பேய் வரும், குத்துப்பாட்டு வரும், சிரித்துவிட்டு வரலாம் என்று போய் உட்கார்ந்தார்கள். அஷ்வின் சரவணன் அவர்களுக்குக் காட்டியது வேறு.

படம் ஓடாமல் போகவில்லை. நன்றாகவே ஓடியது. ஆனால் இன்றைக்கும் லஸ் கார்னர் டீக்கடையிலோ பெசன்ட் நகர் பீச்சிலோ நாலு பேர் இருக்கும் இடத்தில் ‘மாயா’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு கட்சி. “ஃபர்ஸ்ட் ஹாஃப் செம லேக் மச்சி, தூங்கிட்டேன்” என்பது ஒரு கட்சி. “உனக்கெல்லாம் புரியாதுடா, நீ போய் மசாலா பாரு” என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதும் தப்பு. ஆனால் ஒரே அளவு தப்பு இல்லை.

கதையைக் கொஞ்சமாகச் சொன்னால் போதும். (முடிவு சொல்லப்படாது, பயப்பட வேண்டாம்.) அப்சரா வாய்ப்புத் தேடும் நடிகை. கணவனைப் பிரிந்தவள், கையில் குழந்தை, தலைக்கு மேல் கடன். இது கலரில். வசந்த் ஓவியன். மாயவனம் என்ற காட்டைப் பற்றிய கதைக்குப் படம் வரையப் போய் மாட்டிக்கொள்கிறான். இது கறுப்பு வெள்ளையில். இரண்டுக்கும் நடுவில் ‘இருள்’ என்று ஒரு பேய்ப்படம். அதைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து முழுசாகப் பார்த்தால் 5 லட்சம் பரிசு. அப்சரா ஒப்புக்கொள்கிறாள். தைரியசாலி என்பதால் இல்லை. வேறு வழி இல்லாததால்.

ஒரு பெண் தன் கடனை அடைக்க ஒரு படத்தைப் பாதியில் எழுந்து போகாமல் பார்த்தே ஆக வேண்டும் என்பது கதை. அதைப் பார்க்க 120 ரூபாய் கொடுத்து வந்தவர்கள் நாற்பதாவது நிமிஷம் செல்போனை எடுத்து வெளிச்சம் அடிக்கிறார்கள். அவள் திரைக்குள் இருட்டில் நடுங்க, இங்கே பக்கத்து சீட்டில் வாட்ஸ்அப். இதைவிடப் பெரிய காமெடி அந்த வருஷம் எந்தப் படத்திலும் வரவில்லை.

“லேக்” என்பது என்ன? ஒரு காட்சி எதையும் கொடுக்காமல் நீண்டால் அது லேக். கொடுக்க வேண்டியதைக் கடைசியில் கொடுப்பதற்காக நீண்டால் அது வேறு. காமர்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம்: சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை அதில் போட்டுவிட்டு, எந்த என்ட்ரியில் தப்பு என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தேடாமல், “வித்தியாசம் வருது, கம்பெனி மொக்கை” என்று லெட்ஜரை மூடுகிறவனுக்கு யாராவது மார்க் போடுவார்களா?

‘மாயா’வின் முதல் பாதி அந்த அக்கவுண்ட்தான். கலர் உலகத்துக்கும் கறுப்பு வெள்ளை உலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று படம் சொல்லாது. இரண்டையும் நிஜம் என்று நம்பும் அளவுக்கு இரண்டிலும் கொஞ்ச நேரம் வாழ விடும். அந்த நேரத்தைக் கத்தரித்துவிட்டால் கடைசியில் கவிழ்ப்பதற்கு எதுவுமே இருக்காது. பத்து நிமிஷத்துக்கு ஒரு பேயைக் காட்டி ‘பே’ என்று கத்தவிட்டால் குதிக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு லைட்டை அணைக்கக் கை தயங்காது.

இப்போது அறிவுஜீவிக் கட்சிக்கு வருவோம். மெதுவாக நகர்கிறது என்பதற்காகவே ஒரு படம் உலக சினிமா ஆகிவிடாது. மாயவனத்தின் பழைய கதை இரண்டாம் பாதியில் அவசர அவசரமாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவு பொறுமையாகக் கட்டிய வீட்டுக்கு ஒரே நாளில் வெள்ளையடித்த மாதிரி. இதைக் குறை என்று சொல்பவனிடம் “உனக்குப் புரியவில்லை” என்பது பதில் அல்ல, திமிர். இந்தத் திமிரைக் கேட்டுத்தான் பாதிப் பேர் அடுத்த நல்ல படத்துக்கும் போகாமல் இருக்கிறார்கள்.

இந்தச் சண்டை புதுசும் இல்லை. 1954-ல் ஏவிஎம் தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. சிவாஜி ஆரம்பத்திலேயே செத்துப் போவார். தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. வசூல் கிடைக்கவில்லை. அதன் பிறகு பாட்டில்லாத தமிழ்ப்படம் என்று நினைக்கவே தயாரிப்பாளர்கள் பல வருஷம் பயந்தார்கள். “போர்” என்று அன்று எழுந்து போனவர்களின் பேரன்கள்தான் இன்று அதை கிளாசிக் என்கிறார்கள். கைதட்டல் இரண்டு தலைமுறை லேட். டைரக்டருக்கு அதனால் என்ன லாபம்?

அதே அஷ்வின் சரவணன், அதே நயன்தாரா, 2022 டிசம்பரில் ‘கனெக்ட்’. மொத்தமே 99 நிமிஷம், இடைவேளை கிடையாது என்று அறிவித்தார்கள். தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். நியாயம்தான், பாப்கார்னும் பப்ஸும் இடைவேளையில்தானே விற்கும்! ஒரு பயம் எங்கே அறுபட வேண்டும் என்பதைக் கதை முடிவு செய்வதா, கேன்டீன் முடிவு செய்வதா என்பதுதான் கேள்வி. படம் லேக் என்று திட்டும் யாரும் அந்தப் பதினைந்து நிமிஷத்தை லேக் என்று சொல்வதில்லை.

பிடிக்காத படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். தலையைக் குனிந்து போனைப் பார்த்தவர் விமர்சிக்க வேண்டியது வாட்ஸ்அப்பை, ‘மாயா’வை அல்ல. அப்சராவுக்கு உட்கார 5 லட்சம் கொடுத்தார்கள். மற்றவர்கள் சும்மாவே இரண்டேகால் மணி நேரம் உட்காரலாம், உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை.