மூணு மணி நிழல்

“வெயிலுக்குச் சாதி கெடையாதுல்ல தம்பி?” சோலார் மோட்டார் போட்ட அன்றைக்கு எங்கள் பெரியப்பா கேட்டார். நானும் தலையாட்டினேன். கவிதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் விட மனசு வராது. நல்லவேளை, எழுதவில்லை.

விழுப்புரம் பக்கத்தில் அவருக்கு ஒண்ணே கால் ஏக்கர், ஒரு போர். மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தார். 1990இலிருந்து தமிழ்நாட்டில் எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசம் என்கிறோம். கம்பம் வந்து சேர்ந்தவனுக்கு இலவசம். வராதவன் டீசல் ஊற்றினான். இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரர் கிணற்றில் மணிக்கு இவ்வளவு என்று தண்ணி வாங்கினான். தண்ணி வாங்குகிறவன் அதே ஆளிடம் கூலி பேச முடியுமா? நம்ம சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் சோலார் மோட்டாரை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 3 ஹெச்.பி. மோட்டார், 3000 வாட்டுக்கு ஒன்பது பேனல். பேட்டரி கிடையாது. பேனலிலிருந்து வருவதை கன்ட்ரோலர் மாற்றி மோட்டாருக்கு அனுப்புகிறது. வெயில் ஏற ஏற வேகம் ஏறும், மேகம் வந்தால் தண்ணி இளைக்கும். நடுராத்திரி கரண்டுக்காக டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டாம்.

முதல் நாளே தண்ணி நூல் மாதிரி வந்தது. “போர்ல ஊத்து கம்மி” என்று சொல்லிவிட்டு கம்பெனி ஆள் வண்டியேறினான். எங்கள் அத்தை மகன் ஐ.டி.ஐ. படித்தவன். அந்த வேலையில் கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குக் குழி தோண்டி, கம்பி சுமந்தவன் அவன்தான். “மாமா, மோட்டார் திருப்பிச் சுத்துது” என்றான். ஐசோலேட்டரை அணைத்து, கன்ட்ரோலர் திரை முழுக்கச் சாகும்வரை காத்திருந்து, மோட்டாருக்குப் போகும் மூணு ஒயரில் ரெண்டை இடம் மாற்றினான். தண்ணி பீறிட்டது. படித்தவனுக்குக் குழி தோண்டும் கூலி, படிக்காத பதிலுக்கு கம்பெனிச் சம்பளம்.

(தோழர்கள் யாரும் ஆர்வக்கோளாறில் கை வைக்க வேண்டாம். சுவிட்சை அணைத்தாலும் வெயில் அணையாது. பேனல் வரிசையில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும்.)

அடுத்த சிக்கல்தான் பெரிசு. தினமும் மூணு மணி வாக்கில் மோட்டார் நின்றது. தண்ணியில்லாமல் ஓடுகிறது என்று திரை காட்டியது. போனில் கேட்டால் அதே பாட்டு: போர் வத்திப் போச்சு. பெரியப்பா நம்பிவிட்டார். போரை ஆழப்படுத்தக் கடன் கிடைக்குமா என்று என் பேங்க்குக்கே வந்து நின்றார்.

அத்தை மகன் ஒருநாள் முழுக்க வயலில் உட்கார்ந்து பார்த்தான். மேற்கு வரப்பில் ஒரு புளியமரம். ரெண்டரை மணிக்கு மேல் அதன் நிழல் பேனல் ஓரத்தில் ஏறுகிறது. மூணு மணிக்குள் நாலு பேனலை மூடிவிடுகிறது. ஒன்பதும் ஒரே சரமாகக் கோத்தவை. நாலு சுருண்டால் மற்ற ஐந்தும் சாயங்கால வெயிலும் போதாது. மோட்டார் சுத்தும், ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணியை மேலே தள்ளும் வேகம் இருக்காது. அதைத்தான் கன்ட்ரோலர் தண்ணியில்லை என்று படித்திருக்கிறது. பேனல் ஸ்டாண்டை கிழக்கே நட்டிருக்கலாம். லாரி நிற்க வசதியென்று மேற்கே நட்டார்கள். நட்டது காலையில், நிழல் அந்தப் பக்கம் விழும் நேரத்தில். காலை, உச்சி, சாயங்காலம் மூணு வேளையும் நின்று பார்த்துவிட்டு நடுவது இந்தத் தொழிலின் பாலபாடம். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும், அப்போது தெற்கிலிருக்கும் மரமும் கணக்கில் வரும். ஒரு சேரிக்காரன் வயலில் யார் சாயங்காலம் வரைக்கும் நிற்பது?

மரம் ஊர்க்காரருடையது. பெரியப்பா போன வருஷம்வரை தண்ணி வாங்கிய அதே ஆளுடையது.

“நாலு கொம்பு கழிச்சா போதும், கேட்டுப் பாருங்களேன்” என்றேன்.

“அவரு மரத்துல கொம்பு வெட்டச் சொல்லி நான் போயி நிக்கிறதா? நீ பேங்க்ல ஒக்காந்துகினு பேசற தம்பி.”

வாயை மூடிக்கொண்டேன். வெயிலுக்குச் சாதி கிடையாதுதான், நிழலுக்கு இருக்கிறது.

பேங்க்கில் உட்கார்ந்திருப்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தின் நெறிமுறைப்படி மத்திய மானியம் 30 சதவீதம், மாநிலம் குறைந்தது 30, மீதி விவசாயியுடையது; அதிலும் 30 வரை பேங்க் கடன் வாங்கலாம், கையிலிருந்து 10 போதும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கவுன்டரில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “பட்டா யார் பேர்ல?” தாத்தா பேரில் கூட்டுப் பட்டா, எட்டு வாரிசு. அந்த மாதிரி மனுக்களைத் திருப்பிக் கொடுத்த கை என்னுடையதும்தான். பட்டாவே இல்லாதவன் கவுன்டர்வரை வருவதுமில்லை. 1892 ஆணையின்படி நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதை மீட்கப் போய் 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஸ்டாண்டு நட நாலு குழிக்கு மண் இல்லாதவனிடம் சூரிய மானியம் என்ன பேசும்?

நிலப் போராட்டத்தை விட்டுவிட்டு மோட்டார் ரிப்பேருக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் மெஷின் என்றாலே கம்பெனிக்காரன் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்குவது எனக்கு உடன்பாடில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் கையில் இருந்தன. அணையையும் மின்நிலையத்தையும் அவர் அடுத்தவன் விஷயமாக நினைக்கவில்லை. நம் பயிலரங்குகளில் ரெண்டு நாள் கோட்பாடு பேசுகிறோம். ஒரு அரைநாள் மல்டிமீட்டர் பிடிக்கச் சொல்லித் தரக் கூடாதா? இந்த ஐ.டி.ஐ. பையன்களே வாத்தியார்கள். “போர் வத்திப் போச்சு” என்ற ஒரு பொய்யில் பெரியப்பா தலையில் இன்னொரு கடன் ஏற இருந்தது.

மரத்தை நாங்கள் தொடவில்லை. அந்தத் திட்டத்தில் ஐந்து வருஷப் பராமரிப்பு நிறுவியவன் பொறுப்பு. இடம் பார்க்காமல் நட்டது அவன் தப்பு, அவன் செலவிலேயே ஸ்டாண்டைக் கிழக்கே மாற்று என்று வேளாண்மைப் பொறியியல் துறைக்கு மனு எழுதினேன். அத்தை மகன் ஏழு நாள் நிழல் ஏறும் நேரத்தை நோட்டில் குறித்து, போட்டோ எடுத்து இணைத்தான். பெரியப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் முழுக்க வாசிக்கச் சொன்னார். மரத்துக்காரர் பேர் எங்கேயும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேனாவை வாங்கினார்.