கொழுப்பு மாத்திரையும் கால் குடைச்சலும்

கொழுப்பு மாத்திரையை யாரும் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் அன்றைக்கே மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் அனுப்புகிற வீட்டில்கூட, அட்டார்வாஸ்டாட்டின் அட்டை காலியானது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. கேட்டால், கெண்டைக்கால் இழுக்கிறது, தொடை கனக்கிறது, ராத்திரியெல்லாம் குடைச்சல் என்பார்கள். காலையில் கூட நடக்க வருபவர், "நான் அதை விட்டே ஆறு மாசம் ஆச்சு சார், வலி போன இடம் தெரியல" என்று சொல்லியிருப்பார். அடுத்த முறை டாக்டர், "மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுக்கறீங்களா?" என்று கேட்கும்போது தலை மட்டும் ஆடும். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு குறைந்திருக்காது. தலையாட்டலை நம்பிய டாக்டர் டோஸைக் கூட்டி எழுதுவார்.

அந்தக் குடைச்சல் பொய்யில்லை. ஆனால் அது மாத்திரையால் வந்ததா என்பதை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான வழியில் சோதித்தார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டின் எனப்படும் இந்த வகைக் கொழுப்பு மாத்திரையைக் கைவிட்ட 60 பேரை அழைத்து, ஆளுக்குப் பன்னிரண்டு குப்பிகள் கொடுத்தார்கள். நான்கில் அட்டார்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். நான்கில் பார்வைக்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரை. மீதி நான்கில் ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒரு குப்பி, வரிசையைக் கலைத்துப் போட்டு. அன்றாட உபாதைக்கு நூற்றுக்கு இத்தனை என்று கைபேசியில் மதிப்பெண் இட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. மருந்து எடுத்த மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை எடுத்த மாதங்களில் 15.4! 2020இல் முடிவு வெளியானது. தங்கள் மதிப்பெண்களைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடியும் ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள்.

கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே உடலில் உபாதையாக வெளிப்படுவதை நோசீபோ விளைவு என்கிறார்கள். 2022இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. பத்தொன்பது ஆய்வுகள், சுமார் 1.24 லட்சம் பேர். தசை வலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம். அந்தச் சிறு வித்தியாசமும் பெரும்பாலும் முதல் வருடத்தோடு சரி.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு "எல்லாம் உங்க மனப்பிரமைம்மா" என்று நோயாளியை அனுப்பிவிடும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லண்டனில் அந்தப் பாதிப் பேரை மாற்றியது அறிவுரை அல்ல, அவர்கள் கண்ணாலேயே பார்த்த கணக்கு. நம் ஓ.பி.யில் பன்னிரண்டு குப்பிகளுக்கு வழியில்லை. ஆனால் டாக்டர் அறிவோடு சில வாரம் நிறுத்திப் பார்த்து, மறுபடி தொடங்கிப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது. அதற்குமுன் தைராய்டும் வைட்டமின் டியும் பார்த்தாக வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் தசை வலிக்கும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் இடையில் புகுந்தாலும் ரத்தத்தில் சில ஸ்டாட்டின்களின் அளவு ஏறிவிடும். சிறுநீர் கறுத்துப் போய், தசை தொட்டாலே வலித்தால் மட்டும் இந்த நிதானம் எதுவும் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இப்படித் தசை சிதைவது மிக அரிது, ஆனால் சிறுநீரகத்தையே பறிக்கக்கூடியது.

மாரடைப்பு வந்தவரும் ஸ்டென்ட் வைத்தவரும் தாமாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு இந்த மாத்திரை உயிர் காப்பது என்பது 1994இல் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டினைச் சோதித்த ஸ்காண்டிநேவிய ஆய்விலேயே தெளிவாகிவிட்டது. இதயத்தில் எந்தக் குறையும் இல்லாமல், பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒரு வரி சிவந்ததால் மட்டும் மாத்திரை தொடங்கியவருக்குப் பேரம் பேச இடமுண்டு. ஸ்டாட்டின் ரத்த சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும் என்பதும் உண்மை. பெரும்பாலும் எல்லைக்கோட்டில் நிற்பவர்களைத்தான் அது நீரிழிவுக்குள் தள்ளுகிறது. அவர்கள் லாப நஷ்டத்தை வெளிப்படையாகக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மாற்று என்றதும் நம் மனம் அடுப்படிக்கு ஓடுகிறது. 2022இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, மீன் எண்ணெய் உள்ளிட்ட ஆறு துணை உணவுகளை ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமோடு மோதவிட்டது. நான்கே வாரத்தில் கெட்ட கொழுப்பை ரோசுவாஸ்டாட்டின் சுமார் 38 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. (செலவை ஏற்றது ரோசுவாஸ்டாட்டின் நிறுவனம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) பாமாயிலையும் நெய்யையும் குறைத்து, இசப்கோல், ஓட்ஸ், பயறு வகைகளைக் கூட்டினால் பலன் உண்டு. கூட்டு வைக்க அது போதும். தனியாக நின்று ஜெயிப்பது சிரமம். இயற்கை வைத்தியம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1973இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தது ஒரு பூஞ்சணத்திலிருந்துதான்.

மெய்யான மாற்று டோஸில் இருக்கிறது. ஸ்டாட்டினை இரட்டிப்பாக்கினால் கெட்ட கொழுப்பு கூடுதலாகக் குறைவது ஆறு சதவீதம் அளவுக்குத்தான். எனவே டோஸைக் குறைத்து, குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் மாத்திரையைச் சேர்த்தால் நோயாளிக்கு நஷ்டமில்லை. ரோசுவாஸ்டாட்டின் உடலில் அதிக நேரம் தங்குவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் வழக்கமும் உண்டு. எதுவுமே ஒத்துக்கொள்ளாவிட்டால் பெம்படோயிக் அமிலம் இருக்கிறது. அதைச் செயல்பட வைக்கும் நொதி தசையில் இல்லை, கல்லீரலில்தான். ஸ்டாட்டின் ஆகாத சுமார் 14,000 பேரிடம் நடந்த, 2023இல் வெளியான ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை அது 13 சதவீதம் குறைத்தது. யூரிக் அமிலம் கூடும். கீல்வாதக்காரர்கள் கவனிக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை போடும் இன்கிளிசிரான் ஊசி கெட்ட கொழுப்பைப் பாதியாக்கும், ஆனால் விலை இன்னும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டவில்லை.

வலியைப் புகாராகப் பதிவதும் வீணில்லை. பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 2001இல் சந்தையை விட்டுப் போனது. தசைச் சிதைவு பற்றியும் சாவுகள் பற்றியும் வந்த புகார்கள் குவிந்ததே காரணம். இந்தியாவிலும் மருந்துப் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டாக்டர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, நோயாளியே அழைக்கலாம். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கியது, வலி எப்போது வந்தது, கூடவே வேறென்ன மருந்து: கேட்பது இவ்வளவுதான்.