பிரிக்கிற கை யாருடையது?

அலுவலகங்களில் குப்பையைப் பிரித்துப் போட ஆட்களை எப்படிப் பழக்குவது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். சுவரில் படம் ஒட்டுகிறார்கள். பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு. பட்டம் வாங்கியவர்களுக்கு இது புரியாதா? பிறகு ஏன் நீலத் தொட்டியில் சாம்பார் சோறு கிடக்கிறது?

விழிப்புணர்வு போதாது என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வேலை பார்க்கிற இடத்தில் மேஜைக்கு ஒரு கூடை. டீ கப்பு, வாழைப்பழத் தோல், கணக்கெழுதிய தாள் எல்லாம் அதற்குள்தான். "பிரிச்சுப் போடலாமே சார்" என்றால், "அதுக்குத்தான் ஆயா வருதே" என்கிறார்கள். 'வராங்களே' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அந்த அம்மா ஒப்பந்தக் கூலி. கையுறை கிடையாது.

தொட்டி பக்கத்தில் இருந்தால் போடுவார்கள், தள்ளியிருந்தால் சோம்பல்படுவார்கள். மேலதிகாரி எழுந்துபோய்ப் போட்டால் மற்றவர்களும் எழுந்திருப்பார்கள். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தும் பழகுவார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது: நாம் எப்படிக் கொட்டினாலும் அள்ளிப் பிரிக்க ஒரு சாதி இருக்கிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். அலுவலகக் கூடைக்குள் எட்டிப் பார்த்தால் அது இன்றும் தெரியும்.

சுத்தமான தாள் பழைய பேப்பர் கடைக்குப் போய் மறுபடி தாளாகும். சாம்பார் கொட்டினால் அதோடு சரி. பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, அதைக் கடைக்காரரும் எடுக்கமாட்டார். மேஜையில் ஒரு நொடியில் கலந்ததைப் பிரிக்க அந்த அம்மா வெகுநேரம் குனிந்து நிற்க வேண்டும். குப்பையை உண்டாக்குகிறவரே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. விதி தாளில் இருந்தது. குனிந்த முதுகு நம்முடையதாகவே இருந்தது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு, சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. ஊர்க் குப்பையை அள்ளியவர்களையே அள்ளிக்கொண்டு போனார்கள். எத்தனை அலுவலகங்களில் அன்று இதைப் பற்றிப் பேச்சு வந்தது?

தோழர்களே, எச்சரிக்கையும் வேண்டும். மறுசுழற்சி என்ற புதுப் பெயரில் பழைய வேலையையே நம் தலையில் கட்டுவார்கள். 'பசுமை அலுவலகம்' என்று மேலாளர் பாராட்டு வாங்குவார், பிரித்தது ஆயாவாக இருப்பார்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். மேஜைக் கூடையை எடுங்கள். மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை அவரவர் குப்பையை அவரவர் நடந்துபோய்ப் பிரித்துப் போடட்டும். தாள் விற்ற காசு துப்புரவுத் தொழிலாளிக்குப் போகட்டும். கையுறையும் நிரந்தர வேலையும் நியாயக் கூலியும் கொடுங்கள். மாணவத் தோழர்கள் விடுதியிலும் கல்லூரி அலுவலகத்திலும் இதைக் கேட்டுப் பாருங்கள். முதலில் மறுப்பவர் யார், என்ன காரணம் சொல்கிறார் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.