றெஜிஸ்ட்ரி கிளீனர் என்னும் வேண்டாத துப்புரவு

மட்டக்களப்பு நகரிலோ, காத்தான்குடியிலோ, கல்முனையிலோ கணினி திருத்தும் கடையொன்றுக்குச் சென்று, "இயந்திரம் மிகவும் மெதுவாக ஓடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரத் தம்பி செய்யும் முதற் காரியம், தன் பென் டிரைவில் வைத்திருக்கும் துப்புரவு மென்பொருள் ஒன்றை ஓட விடுவதுதான். சில நிமிடங்களில் திரையிலே சிவப்பு எழுத்தில் ஒரு பெரிய எண் தோன்றும். "சேர், றெஜிஸ்ட்ரியில ஆயிரத்துக்கு மேல எரர் கிடக்கு. எல்லாத்தையும் கிளீன் பண்ணி விடுறன்" என்பார். ஆயிரம் பிழைகளைச் சுமந்துகொண்டா இத்தனை நாளும் இந்தப் பெட்டி ஓடியது என்று நாமும் வியந்து, காசைக் கொடுத்துவிட்டு வருவோம்.

அந்த ஆயிரத்தில் ஒன்றாவது உண்மையிலேயே பிழைதானா என்று எவரும் கேட்பதில்லை. வீட்டில் இருந்தபடியே இணையத்திலிருந்து இத்தகைய மென்பொருளை இறக்கி ஓட விடுவோரும் கேட்பதில்லை. இவை பெரும்பான்மையோருக்குப் பயனற்றவை, சிலருக்கு ஆபத்தானவை என்பது என் துணிபு. காரணங்களைச் சொல்கிறேன்.

வின்டோஸ் கணினியில் றெஜிஸ்ட்ரி என்பது ஒரு பதிவேடு. முன்னர் ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளைத் தனித்தனிச் சிறு கோப்புகளில் எழுதி வைத்தது. 1992இல் வந்த வின்டோஸ் 3.1இல் சிறியதாகத் தொடங்கி, வின்டோஸ் 95இல் முழு உருப்பெற்ற இந்தப் பதிவேடு, அவை யாவற்றையும் ஓரிடத்தில் திரட்டியது. எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறப்பது, எந்த எழுத்துரு எங்கே இருக்கிறது, எந்த விசைப்பலகை, எந்த அச்சுப்பொறி என்பன எல்லாம் இதற்குள் அடக்கம். இலட்சக்கணக்கான பதிவுகள் கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும்.

காணிப் பதிவகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோனவர்களின் பழைய உறுதிகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. உங்கள் உறுதியின் பிரதியைக் கேட்டால் எழுதுவினைஞர் இலக்கத்தைப் பார்த்து நேரே அந்த ஏட்டுக்குப் போவார். மற்ற ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். வின்டோஸும் அவ்வாறே தனக்கு வேண்டிய பதிவுக்கு நேராகப் போகிறது. பயன்படாத சில நூறு பதிவுகளை நீக்கினால் வேகம் கூடும் என்பது, பழைய உறுதிகளை எரித்தால் பதிவகத்தில் வரிசை குறையும் என்பதைப் போன்ற பேச்சு.

துப்புரவு மென்பொருள் எதைக் "குப்பை" என்று தீர்மானிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதிவு சுட்டும் இடத்தில் கோப்பு இருக்கிறதா என்று அது எட்டிப் பார்க்கும். இல்லையென்றால் அநாதைப் பதிவு என்று குறித்துக்கொள்ளும். அந்தக் கோப்பு, அன்றைக்கு இணைக்கப்படாத வெளி வன்தட்டில் இருக்கலாம். வலையமைப்பின் மறுமுனையில், அந்நேரம் அணைக்கப்பட்டிருந்த கணினியில் இருக்கலாம். வீட்டில் ஆள் இல்லை, ஆகவே உறுதி செல்லாது என்று தீர்ப்பெழுதும் அதிகாரியின் புத்தி இது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து காணிக்கு வழக்காடிய எங்கள் பகுதி மக்களுக்கு இந்தப் புத்தியின் விளைவை நான் விளக்கத் தேவையில்லை.

ஒருகாலத்தில் இந்தத் துப்புரவுக்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வின்டோஸ் 95, 98 காலத்தில் நினைவகம் மிகச் சிறியது. பதிவேடு எளிதில் பழுதாகும். மைக்ரோசொப்ட் நிறுவனமே அந்நாளில் "றெக்கிளீன்" என்ற பெயரில் ஒரு துப்புரவுக் கருவியை இலவசமாகக் கொடுத்தது. பின்னர் அதனை விலக்கிக்கொண்டது. 2005இல், வின்டோஸின் உள்ளமைப்பை நன்கறிந்தவர் என்று பெயர்பெற்ற மார்க் ருசினோவிச் இதைப் பற்றி எழுதியபோது, பதிவேட்டில் குப்பை சேர்வது உண்மையே என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பதிவேடு எவ்வளவு பருத்தாலும் கணினியின் அன்றாட வேகத்தை அது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்காது என்பதே அவர் முடிவு. இன்று மைக்ரோசொப்டின் நிலைப்பாடு வெளிப்படையானது. றெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருள்களை அது ஆதரிப்பதில்லை. அவற்றால் நேரும் கோளாறுகளைத் தீர்த்துத் தர உத்தரவாதம் தருவதில்லை. சில வேளைகளில் வின்டோஸை முழுமையாக மீள நிறுவ நேரலாம் என்றும் எச்சரிக்கிறது. செய்தவனே வேண்டாம் என்கிறான். நாங்கள்தான் விடுவதாயில்லை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் படுவான்கரையில் இருக்கிறார். கூத்துப் பிரதிகளைத் தட்டச்சுச் செய்து சேர்ப்பதே அவர் முதுமையின் வேலை. அண்ணாவிமாரின் கொப்பிகளை இரவல் வாங்கி, பாமினி எழுத்துருவில் பொறுமையாக அடித்து வைத்திருந்தார். பாமினியைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் எழுதிய கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். எழுத்துரு காணாமற் போனால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த பிதற்றல்தான் மிஞ்சும்.

கணினி மெதுவாகிவிட்டதென்று அவர் ஒரு கடையிலே கொடுத்தார். துப்புரவு நடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தபோது எழுத்துருப் பதிவுகள் சில போயிருந்தன. அச்சுப்பொறியும் வேலை செய்யவில்லை. "தம்பி, நம்மட கூத்தெல்லாம் இங்கிலீசாப் போயிற்று" என்று தொலைபேசியில் சொன்னார். அந்த அளவில் எழுத்துருவை மறுபடி நிறுவியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். எனக்கு அழைப்பு வருமுன்னரே அவர் கணினியைத் திரும்பவும் கடைக்கு அனுப்பிவிட்டார். அங்கே பிதற்றல் எழுத்தைக் கண்டு வைரஸ் என்று முடிவுகட்டி, "போர்மட்" அடித்து, வின்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கோப்புகள் யாவும் டெஸ்க்டொப்பிலே கிடந்தவை. பழைய பென் டிரைவ் ஒன்றில் இருந்த ஒரு பகுதிதான் மிஞ்சியது. கொப்பிகளை இரவல் தந்த அண்ணாவிமாரில் சிலர் இப்போது உயிருடன் இல்லை.

நுணுக்கமாகப் பார்ப்பவர், கூத்தை அழித்தது துப்புரவு மென்பொருள் அன்று, போர்மட்தானே என்பார். சரிதான். றெஜிஸ்ட்ரி கிளீனர் உங்கள் ஆவணங்களைத் தொடுவதில்லை. ஆனால் தேவையற்ற துப்புரவு ஒரு சிறு கோளாறை உண்டாக்குகிறது, அந்தக் கோளாறைத் தீர்க்கத் தெரியாதவர் அடுத்த பெரிய கத்தியை எடுக்கிறார். எங்கள் ஊர்களில் இழப்பு நேர்வது இந்த இரண்டாவது கட்டத்தில்தான். பழைய தொழில்நுட்பர்கள் நம்பியிருந்த ஒரு வழியும் இப்போது அடைபட்டுவிட்டது. வின்டோஸ் முன்பெல்லாம் பதிவேட்டின் நகல் ஒன்றைத் தானாகவே எடுத்து வைக்கும். 2018இல் வந்த வின்டோஸ் 10இன் 1803ஆம் பதிப்பிலிருந்து அந்த ஏற்பாடு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கோப்புறையைத் திறந்தால் வெறும் பூச்சிய அளவுக் கோப்புகளே இருக்கும்.

இனி, இந்த வியாபாரத்தின் மறுபக்கம். திரையிலே சிவப்பு எண்ணைக் காட்டி அச்சுறுத்திக் காசு பறிப்பது உலகளாவிய தொழில். 2008 செப்டெம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டமா அதிபர் ஒரு டெக்சாஸ் வர்த்தகர் மீது வழக்குத் தொடுத்தார். உங்கள் றெஜிஸ்ட்ரி பழுதடைந்துவிட்டது என்ற பொய்யறிவித்தலை மக்களின் கணினித் திரைகளில் தோன்றச் செய்து, "றெஜிஸ்ட்ரி கிளீனர் எக்ஸ்பி" என்ற பண்டத்தை ஏறத்தாழ 40 டொலருக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. 2019இல் ஒபிஸ் டிப்போ என்ற பெரும் கடைத்தொடரும் அதன் மென்பொருள் வழங்குநரும் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவுக்கு 35 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டன. கணினியைப் பரிசோதிக்கிறோம் என்று இலவசமாக ஓட விட்ட மென்பொருள், வாடிக்கையாளர் சொன்ன பதிலை வைத்தே "நோய்" இருப்பதாகக் காட்டியது என்பதே வழக்கு. 2024 மார்ச்சில் றெஸ்ரோறோ, றீஇமேஜ் என்ற இரு சைப்பிரஸ் நிறுவனங்கள் இதே ஆணைக்குழுவுடன் 26 மில்லியன் டொலருக்கு உடன்பட்டன. அவர்கள் குறிவைத்தவர்களில் முதியோரே அதிகம் என்று ஆணைக்குழு சொன்னது. கனடாவிலும் இலண்டனிலும் தனியே இருக்கும் எங்கள் பெரியவர்கள் இதைக் கவனத்திற் கொள்வது நல்லது.

"அவை மோசடிகள். நான் நல்ல பெயருள்ள மென்பொருளைத்தான் பாவிக்கிறேன்" என்பார் சிலர். சீகிளீனரைவிடப் பெயர்பெற்றது எது? 2017 ஆகஸ்ட் 15 முதல் செப்டெம்பர் 12 வரை, அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான கையொப்பத்துடன் வெளியான ஒரு பதிப்பில் தீய நிரல் புகுந்திருந்தது. சுமார் 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அது ஏறியது. புகுத்தியவர்களின் உண்மையான இலக்கு சில பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களே என்பதால் சாதாரண பாவனையாளர் தப்பினர். அதை அந்நிறுவனத்தின் நற்பேறு என்பேனேயொழியத் திறமை என்று சொல்லமாட்டேன். கணினியின் நடுநாடிவரை கைவைக்க முழு அதிகாரம் பெற்ற மென்பொருள் எதுவாயினும், அதனை உடைப்பவனுக்கும் அதே அதிகாரம் கிடைக்கும்.

அப்படியானால் எங்கள் கணினிகள் ஏன் மெதுவாகின்றன? வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மண்திட்டில் வாழ்கிறோம். கல்லடி, நாவலடிப் பக்கம் உப்புக் காற்று. கச்சான் காலத்தில் புழுதி. கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். விசிறியில் கம்பளிபோல் தூசி படர்ந்திருக்கும். வெப்பம் வெளியேறாதபோது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. நினைவகத் தகட்டின் பொற்கால்களில் களிம்பு பிடித்திருக்கும். மெல்லத் துடைத்துப் பூட்டினாலே பல இயந்திரங்கள் உயிர்பெறும். 2022இல் நாளுக்குப் பல மணிநேர மின்வெட்டைத் தாங்கிய வன்தட்டுகள் எத்தனை தடவை நடுவழியில் அறுந்திருக்கும்! சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பூட்டினால் கிடைக்கும் வேகத்தை எந்தத் துப்புரவு மென்பொருளும் தராது. கணினி தொடங்கும்போதே தாமாக எழும் மென்பொருள்களைக் குறைப்பதற்குக் காசே வேண்டாம்; டாஸ்க் மனேஜரில் அதற்கான பட்டியல் இருக்கிறது.

இந்தத் துப்புரவெல்லாம் தூரிகையும் திருப்புளியும் கொண்டு செய்வது. நேரம் பிடிக்கும், கையில் அழுக்குப் படும். திரையிலே சிவப்பு எண் பச்சையாவதுபோன்ற காட்சி அதில் இல்லை. கடைகள் மென்பொருளை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

பதிவேட்டிற் கைவைக்கவே கூடாதா என்றால், கைவைக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரு மென்பொருளை அகற்றும்போது பாதியில் நின்று, மீளவும் நிறுவ முடியாமற் போகலாம். தீநிரல் ஒன்று தன்னைத் தொடக்கப் பட்டியலில் எழுதி வைத்திருக்கலாம். அப்போது எந்தப் பதிவு என்று அறிந்த ஒருவர், முதலில் நகல் எடுத்து, அந்த ஒன்றை மட்டும் திருத்துவார். அகற்ற முடியாத மென்பொருள்களுக்கு மைக்ரோசொப்டே ஒரு சிறு கருவியை இலவசமாகத் தருகிறது. மாரியில் வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டுவதென்றாலும் எங்கே, எப்போது, எவ்வளவு என்று கூடிப் பேசித்தான் இங்கே வெட்டுகிறார்கள். வாவியின் கரை முழுவதையும் ஒரே இரவில் கிளறிவிட எவரும் புல்டோசர் அனுப்புவதில்லை.

கடையிற் கொடுக்கும் அன்பர்களுக்கு மூன்று வார்த்தைகள் போதும்: "துப்புரவு மென்பொருள் வேண்டாம், போர்மட் அடிக்க முன்னர் என்னைக் கேளுங்கள், வன்தட்டை முதலிற் சோதியுங்கள்." அதை ஒரு துண்டில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டியே அனுப்பலாம். கேட்கும் தம்பிமார் கேட்பார்கள். அதற்கு முன், பாமினியில் இருக்கும் பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்திலே நிறைய உண்டு. மூலக் கோப்புடன் எழுத்துருவையும் சேர்த்து, வீட்டுக்கு வெளியே வேறு ஓரிடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். மேற்சொன்ன அதிபர் இப்போது அப்படித்தான் செய்கிறார். இரண்டாவது பென் டிரைவ் மகளின் வீட்டில், ஏறாவூரில் இருக்கிறது.